மலக்குடல் புற்றுநோய்: கட்டி கரையுமா என்று ஸ்கேன் முன்கூட்டியே சொல்லுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் பெரிய மருத்துவமனைகளுக்குத் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், ஆந்திராவிலிருந்தும், வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும்கூட நோயாளிகள் வருகிறார்கள். மலக்குடல் புற்றுநோய்க்காக வருகிறவர்களின் வீட்டார் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகளும், ஸ்கேன் படிப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு டாக்டரின் பதில்களும் கீழே உள்ளன. நோயாளியை நேரில் பார்த்த மருத்துவரின் ஆலோசனைக்கு இது மாற்று அல்ல. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக உதவினால் போதும்.

மூலம் என்றுதான் நினைத்தோம்; புற்று என்று பையாப்ஸியில் வந்துவிட்டது. சிடி ஸ்கேனும் எடுத்தாயிற்று. மறுபடியும் எம்ஆர்ஐ எதற்கு?

மலத்தில் ரத்தம் போனால் மூலம், உடம்புச் சூடு என்று மாதக்கணக்கில் கைவைத்தியம் பார்த்துவிட்டு வருவது நம் ஊரில் சகஜம். அதனால் பலருக்குக் கண்டுபிடிக்கும்போதே கட்டி குடலின் சுவரைத் தாண்டியிருக்கிறது. எவ்வளவு தாண்டியிருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு சிடி போதாது.

நெஞ்சு, கல்லீரல் என்று தூரத்து உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க சிடி நல்லது. மலக்குடல் இருப்பதோ இடுப்பெலும்புக் கூட்டின் அடியில். ஆசனவாயிலிருந்து மேலே சுமார் 15 செ.மீ. நீளம். முன்னால் ஆண்களுக்குப் புராஸ்டேட், பெண்களுக்குக் கருப்பையும் பிறப்புறுப்பும். பின்னால் எலும்பு. இந்த நெருக்கடியான இடத்தில் குடல் சுவரின் அடுக்குகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது எம்ஆர்ஐதான்.

மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம், அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அந்த உறையோடு சேர்த்து முழுசாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று 1980களில் காட்டியவர் இங்கிலாந்து அறுவை மருத்துவர் பில் ஹீல்ட். இன்று உலகம் முழுக்க அதுதான் முறை. எனவே அறுவைக்கு முன் சர்ஜனுக்குத் தெரிய வேண்டியது, கட்டிக்கும் அந்த உறைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்பது. 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால் ஆபத்து. ஐரோப்பாவில் நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த மெர்க்குரி ஆய்வு 2006இல் வெளிவந்தபோது, இந்த இடைவெளியை எம்ஆர்ஐ முன்கூட்டியே நம்பகமாகச் சொல்லும் என்று உறுதியானது.

நேராக ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமே? ஏன் முதலில் கரண்ட் வைக்கிறார்கள், கீமோ கொடுக்கிறார்கள்?

எல்லோருக்கும் அப்படிச் செய்வதில்லை. சுவருக்குள்ளேயே நிற்கும் ஆரம்பக் கட்டி என்றால் நேராக அறுவைக்குப் போகலாம். சுவரைத் தாண்டியது, நிணநீர் முடிச்சுகளைத் தொட்டது, உறையை நெருங்கியது என்றால் முதலில் கதிர்வீச்சு. ஜெர்மனியில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2004இல் முடிவு சொன்னது: அறுவைக்கு முன் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தவர்களில் ஐந்தாண்டுகளுக்குள் நோய் அதே இடத்தில் திரும்பியது 6 சதவீதம் பேருக்கு, அறுவைக்குப் பின் கொடுத்தவர்களில் 13 சதவீதம் பேருக்கு.

நீண்ட முறையில் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 25 முதல் 28 தவணைகள், கூடவே கேபசிட்டபின் என்ற கீமோ மாத்திரை. குறுகிய முறையில் ஒரே வாரத்தில் ஐந்து தவணைகள். இப்போது பல இடங்களில் முழுக் கீமோவையும் அறுவைக்கு முன்னாலேயே கொடுத்து முடிக்கிறார்கள். இந்த முறையில் கட்டி முழுசாகக் கரைகிறவர்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகிறார்கள். ராபிடோ என்ற ஆய்வில் பழைய முறையில் 14 சதவீதமாக இருந்தது இந்தப் புதிய முறையில் 28 ஆனது. பிரான்சின் பிராடீஜ் 23 ஆய்வில் 12 சதவீதமாக இருந்தது 28 ஆனது. அதே ராபிடோவில், ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, இடுப்புப் பகுதியிலேயே நோய் திரும்பியது புதிய முறையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாருக்கு எந்த முறை என்று டாக்டர்கள் யோசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, முக்கியமான கேள்வி. முதல் ஸ்கேனைப் பார்த்தே இந்தக் கட்டி கரையும், இது கரையாது என்று சொல்ல முடியுமா?

ஒரு தனி மனிதரைக் காட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. கூட்டமாக எடுத்துக்கொண்டால் ஓரளவு சொல்லலாம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் வீட்டார் குழம்புகிறார்கள். சில சமயம் டாக்டர்களும்தான்.

பொதுவாக, சின்னக் கட்டி பெரிய கட்டியைவிட நன்றாகக் கரைகிறது. சுவரை லேசாகத் தாண்டியது, ஆழமாகத் தாண்டியதைவிட நன்றாகக் கரைகிறது. சளி போன்ற திரவம் நிறைந்த கட்டி, அதாவது மியூசினஸ் வகை, கதிர்வீச்சுக்கு அவ்வளவாக மசிவதில்லை. டி2 என்ற படவரிசையில் அது பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் என்பதால் பையாப்ஸியில் பிடிபடாவிட்டாலும் ஸ்கேனில் பிடிபடும். சிக்னெட் ரிங் என்ற வகையும் முரட்டு வகைதான். இந்தியாவில் இளவயது நோயாளிகளும் இந்த வகையும் மேலைநாடுகளைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆகவே அங்கே வந்த சதவீதங்களை அப்படியே நம் வீட்டு நோயாளிக்குப் பொருத்திப் பார்ப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

முதல் எம்ஆர்ஐ இன்னொன்றை இதைவிட நன்றாகச் சொல்கிறது: நோய் திரும்பும் அபாயம் யாருக்கு அதிகம் என்பதை. கட்டி உறையைத் தொட்டிருக்கிறதா, சுவருக்கு வெளியே உள்ள ரத்தக் குழாய்க்குள் புகுந்திருக்கிறதா, இடுப்பின் பக்கவாட்டுச் சுவரில் நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருக்கின்றனவா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். ரத்தக் குழாய்க்குள் புகுந்திருந்தால் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போகும் வாய்ப்பு கூடுகிறது. பக்கவாட்டு முடிச்சுகள் வழக்கமான அறுவையின் எல்லைக்கு வெளியே இருப்பவை. ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்டால் சர்ஜன் அங்கே கை வைக்கவே மாட்டார்.

கட்டி கரையுமா என்று கேட்கிறார்கள். இந்த மூன்றும் ரிப்போர்ட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன். சிகிச்சைத் திட்டத்தை மாற்றக்கூடியவை இவைதான்.

டிஃப்யூஷன் என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறது. அது என்ன?

உடம்பில் தண்ணீர் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நடக்கப் பார்த்தால் எப்படி இருக்கும்? புற்றுநோய்ச் செல்கள் அப்படி நெருக்கியடித்து நிற்பதால் இடையில் தண்ணீர் நகர வழியில்லை. அந்த முடக்கத்தை டிஃப்யூஷன் படம் வெள்ளைப் பொட்டாகக் காட்டும். எவ்வளவு முடங்கியிருக்கிறது என்று எண்ணாகவும் தரும். அதற்கு ஏடிசி என்று பெயர். சிகிச்சையில் செல்கள் செத்தால் கூட்டம் கலையும், தண்ணீர் நகரும், ஏடிசி ஏறும்.

இதை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று ரொம்ப காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2002இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. தொடக்கத்திலேயே ஏடிசி அதிகமாக உள்ள கட்டிகள் சரியாகச் சுருங்கவில்லை என்றது. உள்ளே ஏற்கெனவே அழுகிப்போன பகுதி, ரத்த ஓட்டம் குறைந்த பகுதி இருப்பதால் மருந்தும் கதிர்வீச்சும் சரியாக வேலை செய்வதில்லை என்பது விளக்கம். கேட்க நன்றாக இருந்தது. அப்புறம் வந்த ஆய்வுகளில் சில ஆமாம் என்றன, சில இல்லை என்றன. மெஷினுக்கு மெஷின் ஏடிசி எண் மாறுவதும் ஒரு தலைவலி. அதனால் சிகிச்சைக்கு முன் எடுத்த ஒரே ஒரு ஏடிசி எண்ணை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது.

சிகிச்சைக்குப் பின் கதை வேறு. அப்போது டிஃப்யூஷன் இல்லாமல் எம்ஆர்ஐ எடுப்பது பாதி வேலைதான்.

பெட் சிடி எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியுமே?

பலர் அதுதான் ஸ்கேன்களிலேயே பெரியது என்று நினைக்கிறார்கள். மலக்குடல் கட்டியின் சுவர் அடுக்குகளைப் பார்க்க அது உதவாது. ஊசியில் ஏற்றிய கதிரியக்கச் சர்க்கரையை எந்த இடம் அதிகம் இழுக்கிறது என்று காட்டும் ஸ்கேன் அது. சளி வகைக் கட்டிகள் சர்க்கரையை அதிகம் இழுப்பதில்லை. எனவே பெட்டில் மங்கலாகவே தெரியும். கதிர்வீச்சுக்குப் பிறகு குடலில் வரும் அழற்சியோ நன்றாகவே ஒளிரும். பரவல் இருக்குமோ என்று சிடியில் சந்தேகம் வந்தால் பெட் கைகொடுக்கும். மற்றபடி, டாக்டர் கேட்காமல் நீங்களாகப் போய் அந்தச் செலவைச் செய்ய வேண்டாம்.

சிகிச்சை முடிந்ததும் உடனே ஸ்கேன் எடுக்கலாமா? எடுத்துப் பார்த்தால்தான் நிம்மதி.

அவசரப்பட வேண்டாம். கதிர்வீச்சு அடித்த அன்றே செல் சாவதில்லை. அந்த செல் இரண்டாகப் பிரியப் பார்க்கும்போதுதான் சாகிறது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். சீக்கிரம் எடுத்தால் வீக்கத்தையும் அழற்சியையும் பார்த்துவிட்டுக் கட்டி அப்படியே இருக்கிறது என்று பயப்படுவீர்கள். கதிர்வீச்சு முடிந்து 6 முதல் 8 வாரம் கழித்து எடுப்பது வழக்கம். கதிர்வீச்சுக்குப் பிறகு கீமோவும் கொடுக்கிறார்கள் என்றால், நடுவில் ஒன்று, முடிந்ததும் ஒன்று என்று திட்டம் போடுவார்கள். பெரும்பாலும் கரைந்து கொஞ்சம் மிச்சம் இருக்கிற மாதிரி தோன்றினால், இன்னும் சில வாரம் பொறுத்து மறுபடி பார்ப்பதும் உண்டு. அது தாமதம் அல்ல.

இரண்டாவது ரிப்போர்ட்டில் டிஆர்ஜி 2 என்று இருக்கிறது. நல்லதா கெட்டதா?

நல்லது. கட்டி சிகிச்சைக்கு எவ்வளவு பின்வாங்கியது என்பதற்கு 1 முதல் 5 வரை ஒரு படிநிலை. லண்டன் கதிரியல் மருத்துவர் ஜினா பிரவுனும் அவரது குழுவினரும் வகுத்தது. 1 என்றால் கட்டி இருந்த தடமே கிட்டத்தட்ட இல்லை. 2 என்றால் கறுப்பான தழும்பு மட்டும், அதில் கட்டி என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. 3 என்றால் பாதிக்கு மேல் தழும்பு, நடுவே கட்டி இருப்பது தெரிகிறது. 4 என்றால் பெரும்பகுதி கட்டிதான், தழும்பு கொஞ்சம். 5 என்றால் மாற்றமில்லை, அல்லது வளர்ந்திருக்கிறது.

1, 2 வந்தவர்கள் 4, 5 வந்தவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எம்ஆர்ஐயில் 2 என்று வந்த குடலை அறுத்து எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அங்கே சில செல்கள் உயிரோடு இருப்பதும் உண்டு. 3 என்று வந்ததில் ஒரு செல்கூட இல்லாமல் போவதும் உண்டு. எம்ஆர்ஐ தரும் எண்ணும் பெத்தாலஜி தரும் எண்ணும் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை என்பது ஊரறிந்த விஷயம். எம்ஆர்ஐ பார்ப்பது மில்லிமீட்டர் கணக்கில். மைக்ரோஸ்கோப் பார்ப்பது செல் கணக்கில்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் எம்ஆர்ஐ பக்கத்தில் இல்லாமல் இரண்டாவது எம்ஆர்ஐயை ஒழுங்காகப் படிக்க முடியாது. தழும்பு எங்கே இருக்க வேண்டும் என்று தெரியாமல் தழும்பைத் தேடுவது எப்படி? ஊரில் எடுத்த முதல் ஸ்கேனின் ஃபிலிமை மட்டும் மஞ்சள் பையில் சுருட்டிக் கொண்டுவந்தால் பாதிதான் உதவும். டிஸ்க்கோ, படங்களை இறக்கிக்கொள்ளும் லிங்க்கோ வாங்கி வையுங்கள்.

எம்ஆர்ஐ எங்கே தப்புச் செய்யும்?

நான்கைந்து இடங்கள் எனக்குத் தெரிந்து அடிக்கடி வழுக்குகின்றன. முதலாவது, தழும்புக்குள் ஒளிந்திருக்கும் சின்ன மிச்சம். டி2 படத்தில் தழும்பின் கறுப்பிலேயே அது மறைந்துவிடும். டிஃப்யூஷன் கொஞ்சம் காப்பாற்றுகிறது, முழுசாக அல்ல. அடுத்தது சளி. கட்டிச் செல்கள் செத்தபிறகும் சளிக்குட்டை அங்கேயே வெள்ளையாக நிற்கும். உள்ளே உயிருள்ள செல் இருக்கிறதா, வெறும் குட்டையா என்று படத்தை வைத்துச் சொல்வது மிகவும் கஷ்டம். மூன்றாவது, குடலில் உள்ள காற்று. டிஃப்யூஷன் படத்தைக் காற்று கோணலாக்கிவிடும். அதனால்தான் சில சென்டர்களில் ஸ்கேனுக்கு முன் சின்ன எனிமா கொடுக்கிறார்கள். வீட்டார் அதற்குச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். அது உங்கள் நல்லதுக்குத்தான்.

நிணநீர் முடிச்சுகள் தனி ஏமாற்றம். அளவை மட்டும் வைத்துச் சொன்னால் அடிக்கடி தவறும். வட்டமாக இருக்கிறதா, ஓரம் கரடாக இருக்கிறதா, உள்ளே திட்டுத்திட்டாக இருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்கும்படி ஐரோப்பியக் கதிரியல் குழு சொல்கிறது. சிகிச்சைக்குப் பின் குறுக்களவு 5 மி.மீ.க்குக் கீழே போனால் நல்ல முடிச்சு என்று எடுத்துக்கொள்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலே, எடுத்த விதமே சரியில்லாத ஸ்கேன். கட்டியின் சாய்வுக்கு நேர்குறுக்காக, 3 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய துண்டுகளாக எடுக்க வேண்டும். சாதாரணமாக ‘இடுப்பு எம்ஆர்ஐ’ என்று எடுத்தால் துண்டு தடிமனாக இருக்கும், கோணமும் தவறும். அப்போது 1 மி.மீ. இடைவெளியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. புக் பண்ணும்போதே ‘மலக்குடல் புற்றுநோய் ஸ்டேஜிங்குக்கான எம்ஆர்ஐ’ என்று சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஏஐ வந்துவிட்டது என்கிறார்கள். கம்ப்யூட்டரே ஸ்கேனைப் பார்த்து யாருக்குக் கரையும் என்று சொல்லிவிடுகிறதாமே?

ஆராய்ச்சி நிறைய நடக்கிறது. ரேடியோமிக்ஸ் என்று பெயர். கட்டியைச் சுற்றிக் கோடு போட்டுக் கொடுத்தால், அதன் வடிவம், வெளுப்பு கறுப்பின் பரவல், திட்டுகளின் ஒழுங்கு என்று நூற்றுக்கணக்கான எண்களைக் கம்ப்யூட்டர் எடுக்கும். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு அந்த எண்களில் தெரியலாம் என்பது எதிர்பார்ப்பு. சிகிச்சைக்கு முன்னும் நடுவிலும் எடுத்த ஸ்கேன்களில் இந்த எண்கள் எவ்வளவு மாறின என்று பார்ப்பது இன்னொரு வகை. எனக்கு அதில்தான் கொஞ்சம் நம்பிக்கை அதிகம்.

பிறகு ஏன் நாளைக்கே பயன்படுத்த முடியவில்லை? ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு பேரில் 20 பேருக்குக் கட்டி முழுசாகக் கரைகிறது என்று வைத்துக்கொள்வோம். கரைகிறவர்களில் 80 சதவீதத்தையும் கரையாதவர்களில் 80 சதவீதத்தையும் சரியாகச் சொல்லும் ஒரு மென்பொருள் இருக்கிறது. கேட்க அருமை. கரைகிற 20 பேரில் 16 பேரைப் பிடித்துவிடும். கரையாத 80 பேரில் 64 பேரைச் சரியாகச் சொல்லும். மீதி 16 பேரையும் ‘கரையும்’ என்று தவறாகச் சொல்லும். ஆக, ‘கரையும்’ என்று அது சொன்ன 32 பேரில் பாதிப் பேருக்குத்தான் கரையும். பூவா தலையா போட்டதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? எல்லோருக்கும் கரையாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மென்பொருளே இந்த நூறு பேரில் 80 சதவீதம் சரி என்று மார்தட்டிக்கொள்ளலாம்! செய்தித்தாளில் ‘90 சதவீதத் துல்லியம்’ என்று பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இன்னும் சில தடைகள் உண்டு. பெரும்பாலான ஆய்வுகள் ஒரே மருத்துவமனையின் பழைய ஸ்கேன்களை வைத்து, நூறு இருநூறு பேரில் செய்தவை. வேறு கம்பெனி மெஷினில் எடுத்த படத்தைக் கொடுத்தால் எண்கள் மாறிவிடும். கட்டியைச் சுற்றிக் கோடு போடுபவர் மாறினாலும் மாறும்.

இதையெல்லாம்விட எனக்குப் படுவது வேறு. கரையாது என்று முன்கூட்டியே தெரிந்தால் என்ன செய்வோம்? கதிர்வீச்சே வேண்டாம் என்போமா? கட்டி முழுசாகக் கரையாவிட்டாலும் சுருங்கி உறையை விட்டு விலகினாலே சர்ஜனுக்குப் பெரிய உதவி. முடிவை மாற்றாத ஆரூடத்துக்காகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. வேறு சிகிச்சை கையில் இருக்கும்போதுதான் முன்கணிப்புக்கு மதிப்பு. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

எம்எம்ஆர் சோதனை செய்யச் சொன்னார்கள். அது ஸ்கேனா?

இல்லை, பையாப்ஸித் துண்டில் செய்வது. யாருக்கு எது வேலை செய்யும் என்று முன்கூட்டியே சொல்வதில் இன்று எந்த ஸ்கேனையும்விடக் கெட்டிக்காரச் சோதனை இதுதான். செல்லில் மரபணுப் பிழைகளைத் திருத்தும் அமைப்புக்குத்தான் எம்எம்ஆர் என்று பெயர். அது பழுதான கட்டிகள் மலக்குடலில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை இருக்கும். 2022இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஆய்வில் அப்படிப்பட்ட முதல் 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை ஆறு மாதம் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்தது. கதிர்வீச்சும் இல்லை, அறுவையும் இல்லை. விலை அதிகம்தான். ஆனாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் சிகிச்சை தொடங்க வேண்டாம் என்று கேளுங்கள்.

கட்டி முழுசாகப் போய்விட்டது என்றால் ஆபரேஷன் வேண்டாம்தானே? நிரந்தரமாக வயிற்றில் பை வைப்பார்கள் என்று அப்பா பயப்படுகிறார்.

ஆசனவாய்க்கு மிக அருகில் உள்ள கட்டி என்றால் அந்தப் பயம் நியாயமானது. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகர அறுவை மருத்துவர் ஆஞ்சலிட்டா ஹாபர்-காமா, கட்டி முழுசாக மறைந்தவர்களை அறுக்காமல் கண்காணித்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டார். அப்போது பலர் ஏற்கவில்லை. இன்று அது ஏற்கப்பட்ட வழி. அமெரிக்காவின் ஓப்ரா ஆய்வில், கதிர்வீச்சுக்குப் பின் கீமோ கொடுத்த பிரிவினரில் பாதிப் பேர் மூன்றாண்டுகள் கழித்தும் மலக்குடலை இழக்காமல் இருந்தார்கள்.

ஆனால் ‘போய்விட்டது’ என்று எம்ஆர்ஐ மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. விரல் பரிசோதனையில் கட்டியோ மேடோ தட்டுப்படக் கூடாது. எண்டோஸ்கோப்பில் வெள்ளைத் தழும்பு மட்டும் தெரிய வேண்டும். எம்ஆர்ஐயிலும் டிஃப்யூஷனிலும் சந்தேகம் இருக்கக் கூடாது. மூன்றும் ஒத்துப்போனால்தான் கண்காணிப்பு. கிள்ளி எடுத்த பையாப்ஸியில் ஒன்றும் வரவில்லை என்பதை மட்டும் நம்ப முடியாது. மிச்சமிருக்கும் செல்கள் சுவரின் ஆழத்தில் இருக்கலாம்.

கண்காணிப்பு என்றால் ஊருக்குப் போய் மறந்துவிடுவது அல்ல. முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ, இடையே நோய் திரும்புகிறதா என்று துப்புக் கொடுக்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி. பல நாட்டு மருத்துவமனைகளின் தகவல்களைத் திரட்டி 2018இல் லான்செட்டில் வந்த கணக்குப்படி, இப்படிக் கண்காணிக்கப்பட்ட நால்வரில் ஒருவருக்கு இரண்டாண்டுகளுக்குள் கட்டி மறுபடி முளைக்கிறது. அநேகமாக எல்லாமே குடல் சுவரிலேயே முளைப்பதால் ஒழுங்காக வருகிறவர்களுக்குச் சீக்கிரமே பிடித்து அறுவை செய்துவிடலாம். வராதவர்களுக்குத்தான் ஆபத்து.

இதற்கு நோயாளிக்கே நோய் தெரிந்திருக்க வேண்டும். ‘அப்பாவிடம் புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம், தாங்கமாட்டார்’ என்பார்கள். புண் ஆறிவிட்டது என்று நினைப்பவர் எதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து ரயில் ஏறுவார்? மறைத்து வைக்கிற வீட்டுக்கு இந்த வழி ஒத்துவராது. பேசாமல் அறுவையே பத்திரம்.

சென்னையில் எங்கே எடுப்பது? 3 டெஸ்லா மெஷின்தான் வேண்டுமா?

டெஸ்லா என்பது மெஷினில் உள்ள காந்தத்தின் வலிமை. 1.5 டெஸ்லா போதும். மெஷினைவிட எடுக்கும் முறையும் படிக்கும் கண்ணும் முக்கியம். சிகிச்சை எங்கே என்று முடிவான பிறகு அங்கேயோ, அவர்கள் கைகாட்டும் இடத்திலோ எடுப்பது நல்லது. இரண்டாவது ஸ்கேனையும் முடிந்தவரை அதே மெஷினில் எடுங்கள். 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை என்று தனியாருக்கு வெளியேயும் வழிகள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். எந்தெந்தப் பரிசோதனை அதில் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில் ஸ்கேனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஸ்கேன் அறைக்குள் தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். கட்டாயமா?

உலோகம் எல்லாம் கழற்ற வேண்டும். மனசு கேட்காதவர்கள் அந்த ஒரு மணி நேரத்துக்கு மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளைக் கட்டிக்கொள்கிறார்கள். எங்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மெட்டி, மூக்குத்தியும் அப்படியே. ஆண்கள் மறப்பது வெள்ளி அரைஞாண் கொடியை. நாம் பார்க்க வேண்டிய இடத்தின் மேலேயே அது கிடக்கும்! பேஸ்மேக்கர் இருந்தால் புக் பண்ணும்போதே சொல்லுங்கள். குகை மாதிரி இருக்கிறதே என்று பயப்படுகிறவர்களும் முன்னாலேயே சொன்னால் மருந்துக்கு ஏற்பாடு செய்யலாம்.

கான்ட்ராஸ்ட் ஊசி போடுவார்களா?

மலக்குடல் கட்டிக்கு வழக்கமாகத் தேவையில்லை. எம்ஆர்ஐயில் கதிர்வீச்சும் கிடையாது.

ரிப்போர்ட்டில் ஒன்று இருக்கிறது, சர்ஜன் வேறு மாதிரி சொல்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். பெரிய மருத்துவமனைகளில் ட்யூமர் போர்டு என்று வாரந்தோறும் கூடுவார்கள். சர்ஜன், கதிர்வீச்சு டாக்டர், கீமோ டாக்டர், ஸ்கேன் படிப்பவர், பெத்தாலஜிஸ்ட் எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசுவார்கள். ‘எங்கள் கேஸ் போர்டில் வந்ததா, என்ன முடிவு எழுதினார்கள்’ என்று கேட்பதில் தப்பே இல்லை. சர்ஜன் விரலால் தொட்டுப் பார்த்தது எங்கள் படத்தில் தெரியாமல் இருக்கலாம். குடல் சுவருக்கு வெளியே நாங்கள் பார்த்தது அவர் விரலுக்கு எட்டாமல் இருக்கலாம்.

வேறு இடத்தில் இரண்டாவது கருத்து கேட்கப் போனால், சிகிச்சைக்கு முன் எடுத்த எம்ஆர்ஐ, பின் எடுத்த எம்ஆர்ஐ இரண்டின் முழுப் படங்களும், பையாப்ஸியின் ஸ்லைடும் பிளாக்கும், எண்டோஸ்கோப் படங்களும், கதிர்வீச்சு எத்தனை தவணை என்ற விவரமும் கையில் இருக்கட்டும். ரிப்போர்ட் தாள் மட்டும் இருந்தால், அந்த டாக்டர் முதல் வேலையாக மறுபடி ஒரு ஸ்கேனுக்குத்தான் எழுதித் தருவார்.